பாலக்காட்டில் படிக்கும் மாணவர்கள் படமெடுக்க ஏற்ற இடங்கள்

பாலக்காட்டில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகள், பேருந்துக் கட்டணத்தை மீறிச் செலவில்லாமல் நல்ல படங்கள் எடுக்க விரும்பினால், முதலில் கல்பாத்தி அக்ரகாரத்துக்குக் காலை ஏழு மணிக்குள் சென்றுவிட வேண்டும். அந்நேரத்தில் வெயில் சாய்வாக விழுவதால், ஈரம் காயாத வாசலில் இட்ட அரிசிமாவுக் கோலத்தின் ஒவ்வொரு இழையும் நிழலோடு எழுந்து தெரியும். கைப்பேசியைத் தரையோடு தாழ்த்திப் பிடித்து, திரையில் கோலத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றே குறைத்தால் மாவின் வெண்மை வெளிறாது. திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களைத் தமிழிலேயே கேட்டு, அனுமதி பெற்ற பின்னரே படமெடுங்கள். அவர்கள் வீட்டு வாசல் அது.

நகரின் நடுவே, 1766-இல் ஹைதர் அலி கட்டிய கோட்டையின் அகழி மாலை வெளிச்சத்துக்கு உகந்தது. மலம்புழா அணையில் விடுமுறை நாட்களில் கூட்டம் மிகுதி.

என்னைக் கேட்டால், தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன், ஜூலை மாதங்களில் பாலக்காடு மாவட்டத்துக் கொல்லங்கோடுதான் சிறந்தது: பச்சை வயல், வரப்போரப் பனைகள், பின்னால் நெல்லியாம்பதி மலையில் வெள்ளிக் கோடாக இறங்கும் அருவிகள். லென்ஸில் படியும் மழைத்துளியைத் துடைக்கப் பருத்தித் துணி ஒன்றை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.