ஸ்டென்ட் வைத்து வீடு வந்தவருக்கு: மாத்திரை, நடை, மனசு

மாரடைப்புக்கு ஸ்டென்ட் (அடைத்த இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்து வீடு வந்தவருக்கு, நெஞ்சில் லேசாகக் குத்தினாலும் "மறுபடியுமா?" என்று பதறும். "பயப்படாதீங்க" என்றால் அது அடங்காது. வலி வந்தால் என்ன செய்வது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

நெஞ்சை அழுத்தினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ ஏறினாலோ உடனே உட்கார வேண்டும். மருத்துவர் எழுதித் தந்த சார்பிட்ரேட் (ரத்தக் குழாயை விரிக்கும் மாத்திரை) ஒன்றை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், விழுங்கக் கூடாது. நின்றபடி வைத்தால் பிரஷர் இறங்கி மயங்கி விழலாம். அதன்பின் தலைவலித்தால் அது மாத்திரையால் வருவது. 5 நிமிடத்தில் நெஞ்சுவலி அடங்காவிட்டால் 108. "வாயுவா இருக்கும்" என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கும் நேரத்தில்தான் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். வயாகரா வகை மாத்திரை போட்டிருந்தால் சார்பிட்ரேட் தொடவே கூடாது. கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

உடம்பு தேறியதும் தினசரி மாத்திரையை விடுவதும் பெரிய ஆபத்து. ஆஸ்பிரினும், கூடவே தரும் குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலாரும் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் காக்கின்றன. மாரடைப்புக்குப் பின் இரண்டையும் சேர்த்துப் பெரும்பாலும் 12 மாதம் தருவார்கள். பல் பிடுங்கப் போனாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. டிகாக்ரெலார் போட்டால் சிலருக்கு மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். தானாக நிறுத்தாமல் அன்றே மருத்துவரிடம் சொன்னால், இதயத்தைப் பரிசோதித்துவிட்டுத் தேவைப்பட்டால் மாற்றித் தருவார்.

மருத்துவர் சரி என்றதும், சமதரையில் காலை மாலை 5 முதல் 10 நிமிடம் நடக்கட்டும். மெல்ல மெல்ல 30 நிமிடம் வரை கூட்டலாம். நடந்துகொண்டே பேச முடிந்தால் அந்த வேகம் போதும். மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் இரண்டு மாடி ஏற முடிந்தால் தாம்பத்தியமும் பொதுவாகத் தாங்கும். இதைப் பலர் கேட்கத் தயங்கி உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறார்கள்.

வீட்டார் பாசத்தில் செய்யும் தவறு ஒன்று உண்டு: "நீங்க எதையும் தொடாதீங்க." அது அவர் காதில் "இனி நீங்கள் நோயாளி" என்றே விழும். கீரை ஆய்வது, பேரனை பஸ் ஏற்றிவிடுவது என்று ஏதாவது ஒரு வேலை அவர் பொறுப்பில் இருக்கட்டும். பார்க்க வந்து, ஸ்டென்ட் வைத்தும் பிழைக்காதவர் கதை சொல்லும் உறவினரைத் தாட்சண்யம் பார்க்காமல் நிறுத்துங்கள்.

அழுகை, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் ஆரம்பத்தில் சகஜம். 2 வாரம் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லாமல், சரியாகச் சாப்பிடாமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மாத்திரையும் நடையும் அதில்தான் நின்றுபோகும். அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். "நான் இருந்து என்ன பண்ண" என்று பேசினால் அன்றைக்கே, தனியே விடாமல் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.