கடைப் பெயர் முகம் சுளிக்க வைக்கிறதா? படம் எடுத்துப் பகிர்வதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் ஏரியாவில் ஒரு ஷவர்மா கடை திறந்தார்கள். போர்டில் ஹிட்லர் மீசை, அதன் கீழே சிவப்பு எழுத்தில் "உள்ளே வந்தா தப்ப முடியாது". பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. உடனே படம் எடுத்து, "இப்படியுமா ஒரு கடை?" என்று எழுதிப் பகிர்ந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் அதன் கீழே வந்த கேள்விகள்: "எங்க இருக்கு இந்தக் கடை?", "டேஸ்ட் எப்படி?" அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனபோது நாலைந்து பையன்கள் போர்டுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எனவே முதல் வேலை, கையை அடக்குவது. படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு புகார் கொடுக்க உதவும், ஆனால் பகிராதீர்கள். வேண்டுமென்றே வம்பான பெயர் வைக்கிறவருக்கு நம் கோபம்தான் விளம்பரச் செலவு, திட்டிப் போட்டாலும் கடையின் பெயர் நாலு பேர் காதில் விழுந்துவிடுகிறது. சாப்பிடாமலேயே ஒற்றை நட்சத்திர ரிவ்யூ போடுவதும் வேண்டாம். அது பொய், அதோடு கடைக்காரரைப் பாதிக்கப்பட்டவராக ஆக்கிவிடும்.

அடுத்து, பார்த்தது உண்மையிலேயே நாம் நினைத்ததுதானா என்று நிதானமாகப் பாருங்கள். ஸ்வஸ்திகாவில் இந்தக் குழப்பம் நிறைய நடக்கும். சௌகார்பேட்டைக் கடை வாசலில் குங்குமத்தில் போட்டிருப்பதும், ஜைனர்கள் கொடியில் இருப்பதும் மங்கலச் சின்னங்கள், அவற்றின் மேல் யாரும் கை வைக்க வேண்டியதில்லை. 1920-இல் ஹிட்லரின் நாஜிக் கட்சி எடுத்துக்கொண்டது வேறு மாதிரி இருக்கும்: சிவப்புத் துணி, நடுவில் வெள்ளை வட்டம், அதற்குள் சாய்த்து நிறுத்திய கறுப்புச் சின்னம். நிறமும் சாய்வும் பக்கத்தில் இருக்கும் பெயரும் சேர்ந்துதான் அர்த்தம் சொல்லும்.

சரி, சந்தேகமே இல்லை என்றால் நேரில் போங்கள். கூட்டம் இல்லாத நேரமாக, காலை பதினொன்று மாதிரி, தனியாகப் போவது நல்லது. பத்துப் பேர் சேர்ந்து போனால் அவர் ரோஷத்துக்காகவே பிடிவாதம் பிடிப்பார். "ஏன் இப்படி வெச்சீங்க?" என்று ஆரம்பிக்காமல், "இந்தப் பேர் எப்படிண்ணே வந்துச்சு?" என்று கேளுங்கள். பதிலைக் கவனித்துக் கேட்பது முக்கியம், அதற்குப் பிறகு என்ன செய்வது என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது. 2012-இல் அகமதாபாத்தில் 'ஹிட்லர்' என்று ஒரு துணிக்கடை வந்தது, ஆங்கிலப் பெயரில் 'ஐ' எழுத்தின் புள்ளிக்குள் ஸ்வஸ்திகா. கடைக்காரர்கள் சொன்ன காரணம், பங்குதாரரின் தாத்தா ரொம்பக் கண்டிப்பானவர், அவருடைய பட்டப்பெயர் அது என்பது. நம்மூரிலும் கண்டிப்பான அப்பாவையும் ஹெட்மாஸ்டரையும் சர்வசாதாரணமாக அப்படித்தானே சொல்கிறோம்? நிஜமாகவே தெரியாமல் வைத்தவர்கள் இருக்கிறார்கள். அதே அகமதாபாத்தில் 1934-இல் கட்டிய மேகன் ஆபிரகாம் யூத ஆலயம் இருக்கிறது, குஜராத்தில் இருக்கும் ஒரே யூத ஆலயம் அது. அங்கே வழிபடப் போகும் ஒரு பாட்டி ஆட்டோவில் அந்தப் போர்டைக் கடந்து போவதை நினைத்துப் பாருங்கள்.

கடைக்காரரிடமும் இப்படித்தான் பேச வேண்டும். ஹிட்லர் ஆட்சியில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள், ரோமா என்ற நாடோடிச் சமூகத்து மக்களும் மாற்றுத்திறனாளிகளும் கொல்லப்பட்டார்கள் என்று சொல்லுங்கள், ஆனால் எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். "லண்டன்ல ஒருத்தர் ஜெனரல் டயர் பேர்ல ஹோட்டல் திறந்து, வாசல்ல ஜாலியன்வாலா பாக் படத்தை மாட்டினா நமக்கு எப்படிண்ணே இருக்கும்?" என்று கேட்டால் பெரும்பாலும் புரிந்துவிடும்.

புரிந்த பிறகும் ஒரு தடை நிற்கும், அது காசு. போர்டு, மெனு கார்டு, பில் புத்தகம், டெலிவரி ஆப்பில் இருக்கும் பெயர், உணவுக்கடை என்றால் உரிமம் என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அகமதாபாத் கடைக்காரரும் போர்டுக்குச் செலவழித்ததை யாராவது கொடுத்தால் மாற்றுகிறேன் என்றுதான் சொன்னார். இதைச் சாக்கு என்று ஒதுக்காதீர்கள், கடன் வாங்கிக் கடை போட்டவருக்கு அது நிஜமான கவலை. 2006 ஆகஸ்டில் நவி மும்பையின் கார்கரில் 'ஹிட்லர்ஸ் கிராஸ்' என்ற உணவகம் திறந்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். தனியாகத் தெரிய வேண்டும் என்றுதான் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். எதிர்ப்பு வந்தது, யூத சமூகத்தினர் உரிமையாளரைச் சந்தித்துப் பேசினார்கள், அதற்குப் பிறகு அது 'கிராஸ் கஃபே' ஆனது. பாதிப் பெயர் அப்படியே தங்கியது. நீங்களும் போகும்போது இப்படி இரண்டு மூன்று பெயர்களை யோசித்துக்கொண்டு போங்கள், போர்டில் எதை மட்டும் மறைத்தால் போதும் என்று காட்டுங்கள். முடிந்தால் தெரிந்த ஸ்டிக்கர் கடைக்காரரிடம் விலையும் விசாரித்து வையுங்கள்.

இன்னொன்றும் அந்தக் கார்கர் கதையில் இருக்கிறது. பேசியவர்கள் வலி பட்ட சமூகத்தினர். கடைப் பெயர் எந்தச் சமூகத்தைக் காயப்படுத்துகிறதோ அவர்களுக்குத் தெரியப்படுத்தி, அவர்கள் பேச விரும்பினால் கூடப் போய் நில்லுங்கள். அவர்களை முந்திக்கொண்டு நாம் பேச வேண்டாம்.

"தெரிஞ்சுதான் வெச்சேன், போய் எழுதிக்கோ" என்று சொல்கிறவரிடம் அதற்கு மேல் பேசிப் பயனில்லை. அவருக்கு யார் தயவு தேவை என்று பாருங்கள். வாடகை இடம் என்றால் கட்டட உரிமையாளர், மாலுக்குள் என்றால் மால் நிர்வாகம், கிளைக்கடை என்றால் தலைமை அலுவலகம். பெரிய நிறுவனங்கள் சீக்கிரம் அசையும்: 2014-இல் ஜாரா என்ற ஆடை நிறுவனம் விற்ற கோடு போட்ட குழந்தைச் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் இருந்தது, வதை முகாம் உடை மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் பெற்றார்கள்.

சட்டத்தில் வழி உண்டு, ஆனால் எதற்கு எது என்று தெரிந்து போக வேண்டும். வர்த்தகமுத்திரைச் சட்டம் 1999, பிரிவு 9(2)-இன்படி மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய, அருவருப்பான, ஆபாசமான பெயர்களைப் பதிவு செய்ய முடியாது. விண்ணப்பம் அதிகாரபூர்வ வர்த்தகமுத்திரை இதழில் வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம், அந்தக் கடையோடு சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமில்லை. சென்னையில் கிண்டியில் வர்த்தகமுத்திரைப் பதிவு அலுவலகம் இருக்கிறது. ஆனால் பதிவு மறுக்கப்பட்டதாலேயே போர்டு கீழே இறங்கிவிடாது, பதியாத பெயரிலும் கடை நடத்தலாம். செய்தித்தாள், டிவி, இணைய விளம்பரம் என்றால் 1985 முதல் இயங்கும் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலுக்கு ஆன்லைனில் புகார் அனுப்பலாம். காவல் நிலையத்துக்குப் போவது கடைசி. மதம், இனம், சாதி என்று சமூகங்களுக்கு இடையே பகையை வளர்த்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 196, மத உணர்வை வேண்டுமென்றே கெட்ட எண்ணத்தோடு அவமதித்தால் 299. வெறுமனே ரசனைக்கேடாக இருப்பது குற்றமில்லை, அதற்குக் கேஸ் போடச் சொல்லிப் போய் நிற்காதீர்கள்.

பெயரை மாற்றினால் மறுபடி போங்கள், இந்த முறை சாப்பிட. புதுப் போர்டைப் படம் எடுங்கள். அந்தப் படத்தைத் தாராளமாகப் பகிரலாம், பழைய பெயரை மட்டும் எழுதாமல்.