குடிநீரில் ஃபுளோரைடு: சங்கத்தின் கருத்தை எழுதும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள ஒரு தமிழ்ச் சங்கம், பற்சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பது பற்றி மாநகராட்சிக்குக் கருத்து எழுத நேர்ந்தால், ஆதரவா எதிர்ப்பா என்று கை உயர்த்தச் சொல்வதற்கு முன்பே, ஆய்வுகள் விடை தரக்கூடிய கேள்விகளை ஒரு தாளிலும் மக்களே முடிவு செய்ய வேண்டியவற்றை இன்னொரு தாளிலும் எழுதிக்கொள்வது நல்லது.

முதல் தாளில் அளவுதான் முதலில் வர வேண்டும். 'நஞ்சு' என்பவரிடமும் 'தீங்கே இல்லை' என்பவரிடமும் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கேளுங்கள். தென்னாப்பிரிக்க அரசு 2000ஆம் ஆண்டில் வெளியிட்டு, நாடெங்கும் நடைமுறைக்கு வராமலே போன விதிமுறைகள் 0.7 மில்லிகிராமைக் குறித்தன. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 1.5. தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்திலுள்ள பிலானஸ்பர்க் வட்டாரத்து நிலத்தடி நீரில் சில இடங்களில் இயற்கையாகவே இவ்வரம்பு மீறப்படுகிறது. அங்கு ஃபுளோரைடை நீக்குவதே வேலை. அமெரிக்க தேசிய நச்சியல் திட்டத்தின் 2024 அறிக்கை, 1.5க்கு மேற்பட்ட அளவுக்கும் குழந்தைகளின் நுண்ணறிவுக் குறைவுக்கும் தொடர்பு இருப்பதாக மிதமான உறுதியுடன் கூறியது, 0.7 பற்றி முடிவு கூறத் தரவு போதாது என்றும் அதே அறிக்கை சொன்னது. வாட்ஸ்அப்பில் சுற்றும்போது இந்தப் பிற்பகுதி உதிர்ந்துவிடுவதுண்டு.

நன்மையையும் இதே கண்டிப்புடன் எடைபோடுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழுவின் 2024 மதிப்பாய்வின்படி, 1975க்குப் பிந்தைய ஆய்வுகளில் ஒரு குழந்தைக்குச் சராசரியாகக் கால் பால்பல் அளவே சொத்தைப் பாதிப்பு குறைகிறது. ஃபுளோரைடு பற்பசை பரவியது இதற்கு ஒரு காரணமாகலாம். இதைச் சொல்லாமல், 1945இல் அமெரிக்காவின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கிய காலத்துப் பெரும் பயனையே ஆதரவாளர்கள் காட்டினால், அதுவும் அரசியல்தான்.

இரண்டாம் தாளில் ஒப்புதலும் செலவும் நம்பிக்கையும் இடம்பெறும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து மாதக்கணக்கில் குழாய்நீரின்றித் தவித்த, டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்வாசி ஒருவர் 'முதலில் தண்ணீர் ஒழுங்காக வரட்டும்' என்றால், அவரை அறிவியலுக்கு எதிரானவர் என்று ஒதுக்காதீர்கள். அவர் பேசுவது முன்னுரிமையைப் பற்றி. பற்பசை வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் இத்திட்டம் என்றால், அந்த வீடுகளுக்குக் குழாய் இணைப்பு உண்டா என்றும், பள்ளிகளில் பற்பசை கொடுத்துப் பல் துலக்க வைக்க எவ்வளவு செலவாகும் என்றும் கேட்டாக வேண்டும்.

கடிதத்தில் எது ஆய்வு முடிவு, எது சங்கத்தின் விருப்பம் என்பதைத் தனித்தனிப் பத்திகளில் எழுதுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும், நீரில் இப்போதுள்ள ஃபுளோரைடு அளவைக் காட்டும் பரிசோதனை முடிவுகளைக் கேட்டுப் பெறுங்கள். தகவல் பெறும் உரிமைக்கான 2000ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி தருகிறது.