புது சூப்பர்வைசருக்கு: நன்றி சொல்வது எப்படி?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் நான் சூப்பர்வைசராகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஞாயிறு சாயங்காலமே எங்கள் மூத்த ஆபரேட்டர் ஒருவர், யாரும் கூப்பிடாமல் வந்து, கீழ் ரேக்கில் இருந்த கேஜ் (அளவு பார்க்கும் கருவி) பெட்டிகளையும் ஸ்பேர் மோட்டார்களையும் மேலே ஏற்றிவிட்டுப் போயிருந்தார். மறுநாள் ஷெட்டுக்குள் முழங்கால் தண்ணீர்.

நான் செய்தது என்ன? வாட்ஸ்அப் குரூப்பில் ‘அனைவருக்கும் நன்றி’ என்று கும்பிடும் கை படத்தோடு போட்டேன். அவர் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அப்புறம் மாதக்கணக்கில் ‘சரி சார்’ தவிர வேறு பேச்சே இல்லை. அந்தச் சொதப்பலில் கற்றதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. அன்றைக்கே குறித்து வையுங்கள். யார், என்ன செய்தார், அதனால் எது தப்பித்தது. பாக்கெட் நோட்டில் ஒரு வரி போதும்.

2. செய்த வேலையைச் சொல்லுங்கள். நமக்கு ‘நன்றி’ என்பது மேடைச் சொல். நன்றியுரை ஆரம்பித்ததும் பாதிப் பேர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். வீட்டில் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், ‘உடம்பு கிடம்பு சரியில்லையா?’ என்பார். அதனால் அந்தச் சொல்லைத் தேடி அலைய வேண்டாம். ‘அண்ணே, ஞாயித்துக்கிழமை நீங்க வந்து கேஜ் பெட்டிய ஏத்தி வைக்கலன்னா, புதன்கிழமை நாம மெஷினே ஓட்டியிருக்க முடியாது. எனக்கு அது தோணவே இல்ல.’ இதில் ‘நன்றி’யே இல்லை. ஆனால் கடைசி வாக்கியத்தைச் சொல்லத்தான் தொண்டை அடைக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

3. கேபினுக்குக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டாலே மெமோ என்றுதான் நினைப்பார்கள். மெஷின் பக்கத்திலோ டீக்கடையிலோ சொல்லலாம். நாலு பேர் முன்னால் சொன்னால் கூச்சப்படுகிற ஆள் என்றால் தனியாக.

4. அதோடு வேலை ஒட்டாதீர்கள். ‘ரொம்ப தேங்க்ஸ்ணே, அப்படியே இந்த சண்டேவும் வந்துடுங்க’ என்றால் முன்பாதி காற்றில் போச்சு.

5. கணக்கை முதலில் தீருங்கள். ஓ.டி.க்கு, அதாவது ஓவர்டைமுக்கு, இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். அந்த ஷீட்டில் கையெழுத்துப் போடாமல் தோளில் தட்டினால் யாருக்கும் பிடிக்காது. நான் அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்தைப் போடவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

6. முதலாளியிடம் பேர் சொல்லுங்கள். ‘நாங்க ஏத்தி வச்சோம் சார்’ அல்ல, ‘அவர் ஏத்தி வச்சார் சார்’.

தாமதமானாலும் சொல்லலாமா? சொல்லலாம். நான் ஏப்ரலில்தான் சொன்னேன், ஓ.டி. ஷீட்டைத் திருத்தி எடுத்துக்கொண்டு போய். அவர் கையிலிருந்த மைக்ரோமீட்டரை பனியன் வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். முகத்தைப் பார்க்கவில்லை. துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினார்.

“அந்தக் கீழ் ரேக்க ஒரு அடி ஏத்திடலாம் தம்பி. 2015-லயும் தண்ணி மொதல்ல அங்கதான் வந்துது.”

மழைக்கு முன்னாலேயே ஏற்றிவிட்டோம்.