சாம்பியன் செத்துப் பிழைத்து ஜெயித்தால் அது செல்லுமா? வாதிடப் பழகுவோருக்கு ஒரு செய்முறை

2010 ஜூலை 3, லாஸ் வேகாஸ். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்எம்ஏ கூண்டுச் சண்டைகளை நடத்தும் யுஎஃப்சி நிறுவனத்தின் ‘யுஎஃப்சி 116’ நிகழ்ச்சி. ஹெவிவெயிட் சாம்பியன் ப்ராக் லெஸ்னர் குடல் நோயிலிருந்து எழுந்து, ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் கூண்டுக்குள் வருகிறார். எதிரே ஷேன் கார்வின். லெஸ்னர் படுக்கையில் கிடந்த காலத்தில் இடைக்கால பெல்ட்டை, அதாவது தற்காலிகச் சாம்பியன் பட்டத்தை, வென்றவர். முதல் ரவுண்டில் கார்வின் அவரைக் குத்தி வீழ்த்தி, எழ விடாமல் மேலும் மேலும் குத்துகிறார். ரெஃப்ரி ஜாஷ் ரோசன்தால் பக்கத்திலேயே நின்று பார்க்கிறார், நிறுத்தவில்லை. மணி அடிக்கிறது. இரண்டாவது ரவுண்டில் லெஸ்னர் கார்வினைக் கீழே தள்ளி, ஆர்ம் ட்ரையாங்கிள் பிடியில் கழுத்தை இறுக்க, 2:19-இல் கார்வின் தட்டிச் சரணடைகிறார்.

“ரெஃப்ரி போட்ட பிச்சை” என்பார் ஒருவர். “எழுந்து வந்தான் பாரு, அவன்டா சாம்பியன்” என்பார் இன்னொருவர். இருவரும் மணிக்கணக்கில் கத்தினாலும் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதிலே சொல்லியிருக்க மாட்டார். எம்எம்ஏ பார்க்கத் தொடங்கிய புதிதில் நானும் இப்படிக் கத்தியவன்தான். இந்தச் சண்டையையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்வோம்.

படி 1: கேள்வியை மூன்றாகப் பிரியுங்கள்

“நியாயமான வெற்றியா?” என்று மொட்டையாகக் கேட்டால் உருப்படியான பதில் வராது. அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. முடிவு விதிப்படி செல்லுமா? ரெஃப்ரியும் ஜட்ஜுகளும் வேலையைச் சரியாகச் செய்தார்களா? ஜெயித்தவர்தான் இருவரில் மேலானவர் என்று இது காட்டுகிறதா? ஒருவர் முதல் கேள்விக்கு ஆமாம் என்றும் மற்ற இரண்டுக்கும் இல்லை என்றும் சொல்லலாம். அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

‘கம்பேக்’ என்ற சொல்லையும் பிரிக்க வேண்டும். சண்டைக்குள் தோல்வியின் விளிம்பிலிருந்து மீள்வது ஒன்று. நோய், தடை, ஓய்வு என்று விலகியிருந்துவிட்டுத் திரும்புவது வேறு. லெஸ்னர் ஒரே இரவில் இரண்டையும் செய்தார். அதனால்தான் அந்த வாதம் இத்தனை சிக்கல். நோயிலிருந்து மீண்டவர் என்ற இரக்கம், முதல் ரவுண்டை எடைபோடும்போது தெரியாமல் உள்ளே நுழைந்துவிடுகிறது.

படி 2: காகிதத்தைப் பாருங்கள்

இது இரண்டு நிமிட வேலை. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநில விதிப்படி, அறிவித்த முடிவை விளையாட்டு ஆணையம் மாற்ற மூன்றே காரணங்கள்தான் உண்டு: முடிவைப் பாதித்த கூட்டுச்சதி, ஸ்கோர் கூட்டலில் பிழை, விதியின் பொருளையே ரெஃப்ரி தவறாகக் கொண்டு தீர்ப்பளித்தது. “நான் அந்த இடத்தில் இருந்தால் நிறுத்தியிருப்பேன்” என்பது இந்தப் பட்டியலில் இல்லை.

ஊக்கமருந்து தனிக்கதை. 2017 ஜூலையில் ஜான் ஜோன்ஸ் தடைக்குப் பிறகு திரும்பி வந்து டேனியல் கார்மியேவை மூன்றாவது ரவுண்டில் வீழ்த்தினார். பரிசோதனையில் டூரினபால் என்ற ஊக்கமருந்து தெரிய, கலிஃபோர்னியா ஆணையம் அதை ‘முடிவில்லை’ என்று மாற்றியது, பெல்ட்டும் கார்மியேவிடம் திரும்பியது. அப்படி எதுவும் நடக்காதவரை முதல் கேள்விக்கு விடை ‘செல்லும்’. அதோடு அடுத்ததற்குப் போங்கள்.

படி 3: அடிப்பவரை விட்டு, அடிபடுபவரைப் பாருங்கள்

முக்கால்வாசி வாதம் இங்கேதான் கிடக்கிறது. எத்தனை குத்து விழுந்தது என்று ரெஃப்ரி எண்ணுவதில்லை. கீழே இருப்பவர் விவரத்தோடு தற்காத்துக்கொள்கிறாரா என்பதுதான் அவருடைய கேள்வி.

வீடியோவில் சத்தத்தை அணைத்துவிடுங்கள். வர்ணனையாளர் “முடிஞ்சது, முடிஞ்சது” என்று கத்தினால் நம் கண்ணும் அதையே பார்க்கும். கால் வேகத்தில் ஓட விட்டு, கீழே இருப்பவரை மட்டும் கவனியுங்கள். குத்து வரும் பக்கத்துக்குக் கை போகிறதா? இடுப்பு நகர்கிறதா, முழங்கால் இடையில் வருகிறதா? குத்து தாடையில் விழுகிறதா, முன்கையில் விழுகிறதா? கை மூடியபடியே உறைந்து கிடந்தால், அது தற்காப்பு மாதிரி தெரிந்தாலும் தற்காப்பு இல்லை. புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

இந்தக் கண்ணோடு லெஸ்னரின் முதல் ரவுண்டைப் பார்த்தபோது என் கருத்து மாறியது. அழகான தற்காப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் உறையவில்லை, கை பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. மறுபக்கம் கார்வினையும் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய அவருடைய 12 வெற்றிகளும் முதல் ரவுண்டிலேயே முடிந்தவை. அன்று அந்த ரவுண்டிலேயே முழு மூச்சையும் கொட்டித் தீர்த்துவிட்டார். எதிராளி களைத்ததை லெஸ்னரின் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். மூச்சைச் சேமிப்பதும் இந்த ஆட்டத்தில் ஒரு திறமைதான்.

இதற்கு நேரெதிரான பாடம் 2019 மார்ச் 2, யுஎஃப்சி 235. பென் ஆஸ்க்ரனை ராபி லாலர் தூக்கி அடித்துக் குத்துகிறார். ரெஃப்ரி ஹெர்ப் டீன் நிறுத்தவில்லை. ஆஸ்க்ரன் தப்பித்து, பிறகு லாலரின் கழுத்தைப் புல்டாக் பிடியில் இறுக்குகிறார். லாலரின் கை தொங்குவதைக் கண்ட டீன், ஆள் மயங்கிவிட்டார் என்று நிறுத்துகிறார். அடுத்த நொடியே லாலர் எழுந்து நின்று எதிர்ப்புத் தெரிவிக்கிறார். முதல் பாதியில் பொறுமை, இரண்டாம் பாதியில் அவசரம், இரண்டும் ஒரே ரெஃப்ரி.

நிறுத்தாமல் விட்டதும் சீக்கிரம் நிறுத்தியதும் ஒரே எடையுள்ள தவறுகள் அல்ல. ரோசன்தால் விட்டது தவறாகவே இருந்தாலும், சண்டையை முடிக்க கார்வினுக்கு அதன் பிறகும் நேரம் இருந்தது. லாலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ‘விட்டார்’ என்று குறை சொல்லும் வெற்றியைவிட ‘நிறுத்தினார்’ என்று குறை சொல்லும் வெற்றிதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. வீரரின் உடல்நலம் என்ற பக்கத்திலிருந்து பார்த்தால் இதே தராசு திரும்பும். அது தனி வாதம், இதோடு கலக்காதீர்கள்.

படி 4: ஸ்கோர் வரை போனால் ரவுண்டு பெயர் சொல்லுங்கள்

சண்டை நடுவிலேயே முடிந்துவிட்டால் ஸ்கோர் கார்டு வெறும் காகிதம். 2010 ஆகஸ்டில் ஆண்டர்சன் சில்வா நான்கு ரவுண்டுகளாகச் சேல் சானனுக்குக் கீழே அடிபட்டுக் கிடந்து, ஐந்தாவதில் 3:10-இல் ட்ரையாங்கிள் ஆர்ம்பார் என்ற பிடியைப் போட்டு ஜெயித்தார். “அதுவரை சானன்தானே முன்னால்” என்பது உண்மைதான். ஆனால் பட்டச் சண்டை 25 நிமிடம்.

ஜட்ஜ் தீர்ப்பு என்றால் முறை வேறு. மூன்று ஜட்ஜுகள், ஒவ்வொரு ரவுண்டுக்கும் தனி மதிப்பெண், ஜெயித்தவருக்கு 10. பலன் தந்த அடிகளுக்கும் பிடிகளுக்கும்தான் முதல் இடம். அதில் சமம் என்றால் மட்டுமே முன்னேறி அடித்தவர் யார், கூண்டை ஆண்டவர் யார் என்று பார்ப்பார்கள். 2013-இல் டொரண்டோவில் ஜோன்ஸ், அலெக்சாண்டர் குஸ்டாஃப்சனிடம் திணறினார். நான்காவது ரவுண்டின் சுழல் முழங்கை அடி போக்கையே மாற்றியது. தீர்ப்பு 48-47, 48-47, 49-46 என ஜோன்ஸுக்கு. குஸ்டாஃப்சன்தான் ஜெயித்தார் என்பவரிடம் ஒன்றே கேளுங்கள்: எந்த மூன்று ரவுண்டுகள்? யார் முகம் அதிகம் வீங்கியது என்பது பதில் ஆகாது.

படி 5: பிற்காலத்தை முன்காலத்துக்கு இழுக்காதீர்கள்

கார்வினை வென்ற லெஸ்னர், அதே ஆண்டு அக்டோபரில் கேன் வெலாஸ்கெஸிடம் முதல் ரவுண்டிலேயே பெல்ட்டை இழந்தார். “பார்த்தாயா, அது அதிர்ஷ்டம்தான்” என்றார்கள். வெலாஸ்கெஸ் வேறு ஆள், வேறு வேகம். 2016-இல் மார்க் ஹன்ட்டுடன் மோதியபோது லெஸ்னர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதையும் 2010-க்கு ஆதாரமாகக் கொண்டுவருவார்கள். சந்தேகப்பட உரிமை உண்டு. ஆனால் சந்தேகம் என்றே சொல்ல வேண்டும். சில்வா கதையில் இது தலைகீழ்: சோதனையில் மாட்டியவர் தோற்ற சானன்.

படி 6: பிறர் சொல்வதைப் படிக்கும் முன் எழுதிவையுங்கள்

மூன்று கேள்விக்கும் ஒரு வரி போதும். லெஸ்னர்-கார்வினுக்கு என் தாளில் இருப்பது: செல்லும். ரோசன்தால் சரி, ஆனால் மயிரிழையில். மேலானவர் யார் என்பதற்கு, அந்த இரவில் லெஸ்னர். பத்து முறை மோதினால் எத்தனை முறை என்று கேட்டால் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

அடுத்து ஜோன்ஸ்-குஸ்டாஃப்சனை எடுங்கள். ஐந்து ரவுண்டும், சத்தம் இல்லாமல், கையில் பேனாவோடு.