சின்ன விடுதியில் ஊழியர் இலக்குகளுக்கு டிரெல்லோ: தொடங்குவது எப்படி

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை சீசன். அந்த நேரத்தில் இலக்கு பற்றிப் பேச யாருக்கும் அவகாசம் இராது, அதனால் இதை மாரி தொடங்கி அறைகள் காலியாகக் கிடக்கும் மாதங்களில் ஆரம்பியுங்கள். எங்கள் விடுதியில் அப்படித்தான் செய்தோம்.

வாட்ஸ்அப் குழுவில் இலக்கு போடுவது எனக்குப் பிடிக்காது. காலையில் எழுதியது மாலைக்குள் பிறந்தநாள் வாழ்த்துகளுக்குக் கீழே போய்விடும். கூகுள் ஷீட்ஸ் கணக்குப் பார்க்க அருமை, ஆனால் போனின் சின்னத் திரையில் கட்டம் கட்டமாகத் தேடுவது அறை துப்புரவு செய்பவருக்குச் சரிவராது. என் தெரிவு டிரெல்லோ: வேலைகளைச் சின்ன அட்டைகளாக (கார்ட்) எழுதி, ஒரு பலகையில் (போர்ட்) வரிசை வரிசையாக (லிஸ்ட்) அடுக்கிப் பார்க்கும் ஆப்.

1. கணக்கைத் திறந்துகொள்ளுங்கள். இலவசத் திட்டத்தில் ஒரு வேர்க்ஸ்பேஸுக்கு (உங்கள் போர்டுகள் எல்லாம் இருக்கும் பொது இடம்) 10 பேர், 10 போர்ட் வரைதான். நீங்களும் ஒன்பது ஊழியரும் என்றால் ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு போர்ட், எல்லோருக்கும் பொதுவாக ஒன்று, சரியாக வரும்.

2. புதிய போர்டின் விசிபிலிட்டி (யார் பார்க்கலாம் என்பது) 'வேர்க்ஸ்பேஸ்' என்று நிற்கும், அதாவது அதில் உள்ள எல்லோரும் பார்க்கலாம். தனியாள் போர்டை 'பிரைவேட்' ஆக்கி, அவரை அந்தப் போர்டுக்கு மட்டும் அழையுங்கள். எல்லோர் கண்ணிலும் படும் என்று தெரிந்தால் ஆட்கள் எப்படியும் முடியக்கூடிய சின்ன இலக்கையே எழுதுவார்கள்.

3. மூன்று லிஸ்ட் போதும்: இந்த மாதம், நடக்கிறது, முடிந்தது.

4. இனி கார்ட். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் முகாமையாளர் எழுதிக் கொடுத்த இலக்கு முகாமையாளருடைய இலக்காகவே இருக்கும். போனை அவர் கையில் கொடுங்கள், அவரே எழுதட்டும். ரிசப்ஷனில் நிற்கும் தங்கச்சி முதலில் எழுதியது 'விருந்தினரை நன்றாகக் கவனிப்பது'. "எதைப் பார்த்து நன்றாகக் கவனித்தோம் என்று சொல்லுவீங்க?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு 'வந்தவரைப் பதிந்து பத்து நிமிடத்துக்குள் அறைத் திறப்பைக் கொடுப்பது' என்று மாற்றினா. இப்போது அதை எண்ணலாம். உளவியலாளர்கள் எட்வின் லொக், கேரி லேதம் இருவரும் பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1990இல் சொன்னதும் இதுதான்: 'முடிந்ததைச் செய்' என்பதைவிடத் தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்குக்கு ஆட்கள் கூடுதலாக உழைக்கிறார்கள். அந்த இலக்கை அவர்கள் மனதார ஏற்றிருக்க வேண்டும் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

5. கார்ட்டுக்குள் செக்லிஸ்ட் சேர்த்து இலக்கை நாலைந்து சின்ன வேலைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றாக டிக் போடப் போட மேலே சதவீதக் கோடு நீளும். அடுத்து 'டேட்ஸ்' போய்க் கடைசித் திகதியைப் போடுங்கள். திகதி போட்டால் மட்டும் நினைவூட்டல் அவருக்குப் போகாது! 'மெம்பர்ஸ்' அழுத்தி அவரையும் அந்தக் கார்ட்டில் சேர்த்தால் போகும். பலர் இந்த இடத்தில் டிரெல்லோ வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

6. கிழமைக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் ஒவ்வொருவரோடும் இருந்து கார்ட்டைப் பாருங்கள். வெள்ளி மதியம் வேண்டாம், ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். திகதி தவறியிருந்தால் நீங்களாகவே தள்ளி வைக்காமல் என்ன தடை என்று கேளுங்கள். எங்களிடம் பெரும்பாலும் பதில் துவாய் போதாது, சலவை பிந்துது என்றுதான் வந்தது, அது நாங்கள் தீர்க்க வேண்டியது. கார்ட் 'முடிந்தது'க்குப் போனதும் அவர் செய்ததைக் குறிப்பிட்டு இரண்டு வரி கமெண்ட் எழுதுங்கள், வெறும் கட்டைவிரல் படம் போதாது. சதவீதத்தைச் சம்பளத்தோடு முடிச்சுப் போடாதீர்கள், போட்டால் அடுத்த மாதம் எல்லா இலக்கும் சுருங்கிவிடும்.

பிற்சேர்க்கை: தமிழில் தட்டத் தெரியாதவர் என்ன செய்வது என்று நிலாவெளியில் விடுதி நடத்தும் அண்ணா ஒருவர் கேட்டார். ஜிபோர்டில் (கூகுளின் கீபோர்ட் ஆப்) தமிழ் (இலங்கை) சேர்த்து, மைக் படத்தை அழுத்திப் பேசச் சொல்லுங்கள். சிங்களம் பேசுபவர் சிங்களத்திலேயே எழுதட்டும், டிரெல்லோ எந்த எழுத்தையும் ஏற்கும்.