டெக்சாஸ்ல டியூபிங் போறீங்களா, முதல்ல லைஃப் ஜாக்கெட் எடுத்து வைங்க

வெயில் 38 டிகிரி தாண்டுனதும் ஆஸ்டின், சான் ஆன்டோனியோ பக்கம் இருக்குற நம்மாளுங்க நியூ பிரான்ஃபெல்ஸ்க்கு கிளம்பிடுறாங்க, கோமால் ஆத்துல காத்தடிச்ச பெரிய டியூப்ல உக்காந்து மிதக்க, அதுதான் டியூபிங். அருமையான இடம், ஊத்து தண்ணி, வருஷம் பூரா 21, 22 டிகிரிலயே இருக்கும். ஆனா நம்மள்ல நிறைய பேருக்கு நீச்சல் தெரியாது, லீவுக்கு ஊர்ல இருந்து வந்த அப்பா அம்மாவையும் கூட்டிட்டு போறோம், "அதான் டியூப் இருக்குல்ல"ன்னு ஒரு தைரியம். அந்த தைரியம் வேணாங்க. கவுந்துச்சுன்னா டியூப் ஒரு பக்கம் போகும், ஆளு ஒரு பக்கம் போவாரு.

அதனால நீச்சல் தெரியாத பெரியவங்களுக்கும் எல்லா குழந்தைங்களுக்கும் யுஎஸ் கோஸ்ட் கார்ட் (அமெரிக்க கடலோரக் காவல் படை) அப்ரூவ் பண்ண லைஃப் ஜாக்கெட் கண்டிப்பா வேணும், உள்பக்க லேபிள்ல எத்தனை பவுண்ட் ஆளுக்குன்னு போட்டிருக்கும், பாத்து வாங்குங்க. போட்டுவிட்டு பக்கிள் எல்லாம் மாட்டுனப்புறம் தோள்பட்டை பக்கம் பிடிச்சு மேல தூக்கி பாருங்க, தாடைக்கு மேல ஏறி வந்துச்சுன்னா லூசு, இறுக்குங்க இல்ல சின்ன சைஸ் எடுங்க. கையில மாட்டுற காத்தடிச்ச ஃப்ளோட்டிய நம்பி குழந்தைய இறக்காதீங்க.

முதல் தடவைன்னா கோமால்தான் என் சாய்ஸ். மொத்தமே 4 கிலோமீட்டர் சுமார், முழுசும் ஊருக்குள்ளயே ஓடுது. பக்கத்துல இருக்குற குவாடலூப் ஆறு வேற மாதிரி, கேன்யன் லேக் டேமோட அடியில இருந்து விடுற தண்ணி, சில்லுன்னு இருக்கும், எவ்ளோ திறந்து விடுறாங்களோ அதுக்கேத்த மாதிரி வேகம். யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க புவியியல் ஆய்வுத் துறை) சைட்ல சாட்லர்ங்கிற இடத்துல ஆத்து தண்ணிய அளக்குற கேஜ் பாத்தா சிஎஃப்எஸ் (செகண்டுக்கு எத்தனை கன அடி)னு ஒரு நம்பர் வரும், ஒரு சிஎஃப்எஸ்னா செகண்டுக்கு 28 லிட்டர் தண்ணி. நம்பர் பாத்து புரியலன்னா டியூப் வாடகைக்கு குடுக்குற கடைக்கு காலையில ஒரு ஃபோன் போடுங்க, சின்ன பிள்ளைங்க இருக்காங்க, வயசானவங்க இருக்காங்கன்னு தெளிவா சொல்லி கேளுங்க, வேணாம்னு சொன்னாங்கன்னா கேன்சல் பண்ணிடுங்க.

மழை விஷயத்துல மட்டும் கொஞ்சம் கூட ரிஸ்க் எடுக்காதீங்க. நம்ம தலைக்கு மேல மழையே இருக்காது, மேல எங்கயோ கொட்டுன தண்ணி இறங்கி வரும். 2025 ஜூலை 4 விடியக்காலையில இதே குவாடலூப், மேல கெர் கவுன்டி பக்கம் முக்கால் மணி நேரத்துல 26 அடி ஏறுச்சு, அந்த வெள்ளத்துல நூறு பேருக்கு மேல செத்துப்போனாங்க. ஃபிளாஷ் ஃப்ளட் வாட்ச் (திடீர் வெள்ளம் வரலாம்ங்கிற எச்சரிக்கை)னு ஃபோன்ல வந்துட்டாலே அன்னைக்கு ஆத்துக்கு போகாதீங்க. மிதக்கும்போது தெளிஞ்ச தண்ணி திடீர்னு கலங்குனாலோ குச்சி செத்தை மிதந்து வந்தாலோ உடனே கரை ஏறி மேடான இடத்துக்கு போயிடுங்க.

கால்ல ஸ்ட்ராப் வச்ச செருப்பு இல்ல பழைய ஷூ, ரப்பர் செருப்பு முதல் வேகத்துலயே கழண்டு போயிடும். துப்பட்டா, ஜீன்ஸ், புடவை வேணாம், தண்ணி குடிச்சு கனமாகி இழுக்கும். சன்ஸ்கிரீன் போடும்போது பாதத்து மேல்பக்கமும் முட்டியும் விட்டுடாதீங்க, முழு நேரமும் வெயில் படுறது அங்கதான். நியூ பிரான்ஃபெல்ஸ் ஊருக்குள்ள ஆத்துல டிஸ்போசபிள் கேன், பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துட்டு போகக்கூடாது, கண்ணாடியும் கூடாது, அதனால தண்ணி, உப்பு போட்ட மோரு எல்லாம் வீட்டு ஸ்டீல் பாட்டில்ல. சரக்கு கரை ஏறுனப்புறம் பாத்துக்கலாம், வெயில்ல போதை சீக்கிரம் ஏறும், குழந்தைய பாத்துக்குறவரு தொடவே கூடாது.

டியூபுங்களை கயிறு போட்டு கட்டாதீங்க. எல்லாரும் கட்டுறாங்கதான், ஆனா கயிறு ஒரு கிளையில மாட்டுனா மொத்த கூட்டமும் நிக்கும், தண்ணி நிக்காது, கால்லயோ கழுத்துலயோ சுத்திக்கும். கைய பிடிச்சுக்கோங்க, வேகமான இடம் வந்தா விட்டுடுங்க. அங்க இடுப்ப தூக்கி வச்சுக்கோங்க, இல்லன்னா பாறை இடிக்கும். விழுந்துட்டா எந்திரிச்சு நிக்க ட்ரை பண்ணாதீங்க, பாறை இடுக்குல கால் மாட்டிக்கிட்டா தண்ணி பின்னாடி இருந்து தள்ளி முகத்தை உள்ள அமுக்கிடும், மல்லாக்க படுத்து கால முன்னாடி நீட்டி விரல் மேல தெரியுற மாதிரி வச்சு போங்க, வேகம் குறைஞ்சதும் கரைக்கு ஒதுங்குங்க. தண்ணிக்குள்ள சாஞ்சு கிடக்குற சைப்ரஸ் மரத்தை தூரத்துல பாக்கும்போதே கையால துடுப்பு போட்டு விலகிடுங்க, கிளை வழியா தண்ணி போயிடும், மனுஷன் மாட்டிக்குவான். கோமால்ல டியூப் சூட்ல (டியூபோட சறுக்கி இறங்குற தண்ணி வழி) குழந்தைய மடியில வச்சுட்டு இறங்காதீங்க, பக்கத்துலயே நடந்து போக வழி இருக்கு.

திரும்ப கூட்டிட்டு வர்ற கடைசி ஷட்டில் வண்டி எத்தனை மணிக்குன்னு முன்னாடியே கேட்டு வைங்க, வறட்சியில தண்ணி குறைஞ்சா அதே தூரம் ரொம்ப நேரம் இழுக்கும். ஃபோன் வாட்டர்ப்ரூஃப் பையில கழுத்துல, 911 கூப்பிட்டா சொல்றதுக்கு கடைசியா தாண்டுன பாலம் எதுன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. இறங்குற இடம் எந்தக் கரையில வரும்னு கடைக்காரங்ககிட்டயே கேட்டு, போர்டு தெரியுறதுக்கு முன்னாடியே அந்தக் கரை பக்கம் ஒதுங்கிட்டு வாங்க, பெரியவங்களையும் பிள்ளைங்களையும் முதல்ல ஏத்திவிட்டு அப்புறம் நீங்க ஏறுங்க.